காற்றுப் படாத இடம்

பழைய சோபா ஒன்றின் முதுகுத் துணியை உரித்துக்கொண்டிருந்தான் பஞ்சு. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா வந்து வாசலோடு நின்றுகொண்டு, "தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். இப்படிக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிற யாரும் கோபம் வராத விஷயத்தைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அவன் கையிலிருந்த குறடைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தான். அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். மூலையில் அடுக்கியிருந்த ஸ்பாஞ்ச் பலகைகளின் மேல் பள்ளிச் சீருடையோடு அவன் மகள் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளை மேல ஒரு வாடை வருதுப்பா. என் கடைக்கு வந்து கிழிச்சுப் போட்ட பேப்பரெல்லாம் பொறுக்கும்ல, அப்ப பாத்தேன். முதல்ல எலிதான் எங்கயோ செத்துக் கிடக்குன்னு மெஷினைக்கூட நகத்திப் பாத்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. தப்பா எடுத்துக்காதே. தனியாளா கிடந்து அல்லாடுற, குளிப்பாட்ட நேரம் இருக்கோ இல்லையோன்னு..."

"தினம் ரெண்டு வேளை குளிப்பாட்டுறேன்க்கா."

"அதான் எனக்கும் புரியல" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள்.

பஞ்சு எழுந்துபோய் மகளின் தலையில் மூக்கை வைத்துப் பார்த்தான். கழுத்தில், அக்குளில், வாயருகில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி ஆணி பிடுங்க உட்கார்ந்தான். ஆனால் பிடுங்கிய ஆணிகளை டப்பாவில் போடாமல் தரையெங்கும் சிதறவிட்டிருந்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

உண்மை என்னவென்றால், பஞ்சுவின் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. சோபா, நாற்காலி, பஸ் சீட்டு, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று உட்கார லாயக்கில்லாமல் போன எதையும் மறுபடி உட்காரும்படி செய்வது அவன் தொழில். பஞ்சைத் தொட்டே வெகுகாலமாகிறது, இப்போது எல்லாம் ஸ்பாஞ்ச்தான். ஆனாலும் தெரு வைத்த பெயர் மாறவில்லை. ஸ்பாஞ்சை மரத்தில் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால் தெருவில் போகிறவர்களுக்கே தலை சுற்றும். அவனோ அதை நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கையால் ரொட்டியையும் பிய்த்துத் தின்கிறவன். பால் கெட்டது வாயில் வைத்தபிறகுதான் தெரியும். அடுப்பில் தீய்ந்தது புகை கண்ணில் பட்டபிறகுதான் தெரியும். "உங்களுக்கும் சேத்து நான்தான் மோந்து பாக்க வேண்டியிருக்கு" என்பாள் அவன் மனைவி. அந்த மனைவி இப்போது ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி, வேறோர் ஊரில் இருந்தாள்.

அவள் வேதியியல் படித்தவள். படித்ததற்கு ஒரு வேலை கிடைக்காமலே வாலு பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்தபிறகு, அந்த ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பஞ்சு அதற்குமுன் பார்த்ததே இல்லை. அதுவே அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியது என்பதை இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. "நீங்களும் வாங்க. சோபா இல்லாத ஊரா இருக்கு?" என்று கேட்டாள். "கடையை முதுகுல தூக்கிட்டு வர நான் என்ன நத்தையா?" என்றான். பேச்சு வளர்ந்தது. இரண்டு பேருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் அவன், "போறதுன்னா போ" என்றான். அவள் போய்விட்டாள். நிஜமாகவே போவாள் என்று அவன் நினைக்கவில்லை.

வாலு இந்தப் பள்ளி வருஷத்தை முடிக்கட்டும், பிறகு அவள் யாரிடம் இருப்பது என்று பேசி முடிவெடுப்போம் என்பது ஏற்பாடு. பேசி முடிவெடுக்க வேண்டிய இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்பது நிலவரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுவாள். அவன் எடுத்து, "இரு, குடுக்கிறேன்" என்று வாலுவின் கையில் போனைத் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவான், தான் ஒட்டுக்கேட்கவில்லை என்று காட்ட. கொஞ்ச நேரத்தில் குழாயை மூடிவிடுவான், அவள் குரல் கேட்காமல் போய்விடப் போகிறதே என்று. அவனுக்கு அவள் வேண்டும். சண்டைக்காவது வேண்டும். அவள் தொண்டையைச் செருமுகிற சத்தம், குளித்துவிட்டு ஈரக் காலோடு அறை முழுக்க நடந்து அவனைத் திட்ட வைக்கிற அந்தத் தடங்கள், எல்லாம் வேண்டும். ஆனால் வா என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

வாலு என்ற பெயரை வைத்தவளும் அவள்தான். முன்பெல்லாம் பெயருக்கு ஏற்ற பிள்ளை. சுவரைத் தவிர எல்லாவற்றிலும் ஏறுவாள், சில நாள் சுவரிலும். அம்மா போனபிறகு வால் சுருண்டுவிட்டது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து ஸ்பாஞ்ச் அடுக்கின் மேல் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அம்மா எங்கே, எப்போது வருவாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளை பழகிவிட்டது என்று பஞ்சு ஊருக்குச் சொல்லிக்கொண்டான்.

அக்கா சொல்லிப் போன அதே வாரத்தில் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். நல்ல பெண், வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினாள். "மத்த பிள்ளைங்க பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க சார். மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அதான் இப்போதைக்கு ஜன்னல் ஓரமா தனியா ஒரு நாற்காலி போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்." அவன் ஜன்னல் வழியே வகுப்பைப் பார்த்தான். மற்ற பிள்ளைகள் ஒரு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். வாலு தனி நாற்காலியில், தன் பங்குக் களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருட்டவில்லை. நாற்காலிகளோடு பிழைக்கிறவனுக்கு ஒரு நாற்காலி இப்படி நெஞ்சில் வந்து இடிக்கும் என்று அதுவரை தெரியாது.

தெருமுனை டாக்டர் பார்த்தார். இடது மூக்கிலிருந்து மட்டும் பச்சையாக ஒழுகியிருந்தது. "மூக்கு உள்ளவரை சளி" என்று பழமொழி சொல்லி, பஞ்சுக் குச்சியால் மூக்கு நுனியில் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கிருமிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து முடிவதற்குள் ஜெராக்ஸ் அக்காவே வந்து, "இப்ப இல்லப்பா, நல்லாயிருச்சு" என்றாள். பரிசோதனை முடிவும் கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. பஞ்சு அந்த முடிவை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் இல்லை. டாக்டரே சொல்லிவிட்டார், மெஷினே சொல்லிவிட்டது. மருந்து நின்று இரண்டு வாரத்தில் அக்கா மறுபடி வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை கோவிச்சுக்க மாட்டியே என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பு மூக்கில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவியின் குரல் உரக்கக் கேட்டது. "ஏண்டி வாலு, குரல் ஒரு மாதிரி அடைச்சுக் கிடக்கு?" வாலு போனைக் காதில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். "சளிம்மா" என்றாள் வாலு. "ஸ்கூல் எப்படிப் போகுது? யார் பக்கத்துல உக்காருற?" என்று அடுத்த கேள்வி வந்தது. வாலு மறுபடி அப்பாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அப்பா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லார் பக்கத்துலயும்" என்றாள் குழந்தை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாயிற்று. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பிள்ளையை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல என்று அவளுக்குத் தெரிந்த நிமிஷமே அடுத்த ரயிலைப் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வாலுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலையில் வாலுவின் தலையணை உறையில் ரத்தம் கலந்த கறை இருந்தது. பஞ்சு கடையைத் திறக்காமல், அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் நரை கண்ட அம்மாள். அறைக்குள் நுழைந்த பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே, "ஒரு பக்க மூக்கு மட்டும்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "உள்ள எதையாவது வச்சுக்கிட்டியா பாப்பா?" வாலு கல்லுளிமங்கி மாதிரி டாக்டரின் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நானே பாத்துக்கிறேன்" என்று டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டாள்.

பிள்ளையை ஒரு போர்வையில் இறுக்கச் சுற்றி அவன் மடியில் உட்கார வைத்தார்கள். அவன் கால்களால் அவள் கால்களைப் பூட்டிக்கொண்டு, ஒரு கையால் நெற்றியைத் தன் மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். "லூசா பிடிச்சீங்கன்னா உள்ள இருக்கிறது பின்னால போயிரும். மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா வம்பு" என்றாள் டாக்டர். சோபா ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கைக்கு அந்தச் சின்ன நெற்றியைப் பிடிக்கத் தெம்பில்லை. டாக்டர் மரத்துப்போக மருந்தைப் பீய்ச்சிவிட்டு, நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டாள். வாலு அலறவில்லை. "வேணாம், எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

வந்தது. விரல் நகம் அளவுக்குக் கறுப்பும் பச்சையுமாக ஒரு துண்டு. அது வெளியே வந்ததும் நர்ஸ் ஜன்னலைப் போய்த் திறந்தாள். செத்துப்போன பஞ்சுவின் மூக்குக்கே அன்றைக்கு எட்டியது. இத்தனை நாளும் இதையா பிள்ளை தன் முகத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கியது, இதோடுதானா களிமண்ணைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது என்று நினைக்க, கண்ணில் தண்ணீர் முட்டியது. பரிசோதனைக்குச் சீழில் ஒரு சொட்டை ஊசிக்குழலில் உறிஞ்சி, உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளி, முனையை உடனே அடைத்து அனுப்பினாள் டாக்டர்.

"ஏற்கனவே டெஸ்ட் எடுத்தோம்மா. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு" என்றான் அவன், இன்னமும் அந்த முடிவை விடாமல்.

"வரும். பஞ்சுக் குச்சில தொட்டுக் காத்தாட அனுப்பினா ஒண்ணும் இல்லைன்னுதான் வரும். இந்தக் கிருமிங்க காத்துப் பட்டாலே செத்துப்போற ஜாதி. லேபுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வழிலயே உயிரை விட்டிருக்கும்." டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "பயப்படாதீங்க. இது எங்கிருந்தோ வந்த கிருமி இல்ல. உங்க வாய்ல இருக்கு, என் மூக்குல இருக்கு. காத்தோட்டம் இருக்கிற வரைக்கும் இருக்கிற இடம் தெரியாம கிடக்கும். எங்கயாவது அடைச்சு வச்சீங்கன்னா, காத்துப் போகாத இடமா பாத்துக் குடும்பம் குட்டியோட பெருகிரும். சின்னப் பிள்ளைங்ககிட்ட இதுங்க ஆட்டம் ஜாஸ்தி. காதுல, சைனஸ்ல, சொத்தைப் பல்லடியில, டான்சிலுக்குப் பின்னால... எங்க சீழ் நாறுதோ அங்க பெரும்பாலும் இதுங்கதான். மருந்து குடுத்தா கொஞ்ச நாள் அடங்கும். குடியிருக்கிற இடத்தை எடுக்கலைன்னா திரும்ப வந்துரும். நல்லவேளை, மேல பரவல."

பேசிக்கொண்டே துண்டைத் தட்டில் வைத்து உப்புத் தண்ணீரை ஊற்றினாள். கறுப்பு கொஞ்சம் கரைந்தது. "ஸ்பாஞ்சு. நீங்க என்ன தொழில்?" என்றாள். அவன் சொன்னான். "அப்ப சரி. கடையில கிடக்கிறதை எடுத்திருக்கா. இனிமே கொஞ்சம் பாத்து வைங்க." அவன் தலையாட்டினான். தன் கடைதான், தன் தப்புதான். டாக்டர் இடுக்கியால் அந்தத் துண்டை ஒரு தடவை அமுக்கிவிட்டு விட்டாள். அது சட்டென்று எழும்பவில்லை. மெதுவாக, யோசித்து யோசித்து எழும்பி, பழைய உருவத்துக்கு வந்தது. ஓரத்தில் ரோஜா நிறம் தெரிந்தது.

பஞ்சுவின் கடையில் மஞ்சள் ஸ்பாஞ்ச் உண்டு, சாம்பல் ஸ்பாஞ்ச் உண்டு. அமுக்கினால் மெதுவாக எழும்புகிற ரோஜா நிற ஸ்பாஞ்ச் கிடையாது. அதை அவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாங்கினான். வாலு வயிற்றில் இருந்தபோது மனைவிக்குக் கழுத்து வலி தாங்கவில்லை. ஊரெல்லாம் அலைந்து அந்த ஸ்பாஞ்சை வாங்கி, தன் கையால் வெட்டி, தன் கையால் தலையணையாகத் தைத்துக் கொடுத்தான். போகும்போது அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் விட்டுப்போனாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பெரிய பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி, அலமாரிக்குள் கம்பளிகளுக்கு அடியில் வைத்திருந்தான். அவள் வாசம் போய்விடக் கூடாதே என்றுதான். சில நாள் எடுத்து, முடிச்சை அவிழ்த்து, முகத்தைப் புதைத்துவிட்டு, அவசர அவசரமாகத் திரும்பக் கட்டிவைப்பான். மூக்கு செத்தவனுக்கு என்ன வாசம் தெரிந்துவிடும்? தெரிந்தது போல் இருக்கும். அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வாலு மூக்கில் சின்னப் பஞ்சோடு அவன் மடியில் உட்கார்ந்திருந்தாள். காற்று அவள் முடியைக் கலைத்தது. இப்போது யாரும் எழுந்து போகவில்லை. பஞ்சு கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கேட்டான்.

"அம்மா தலகாணியைப் பிச்சியா?"

தலையாட்டினாள்.

"எதுக்கும்மா மூக்குக்குள்ள வச்சே? அப்பாகிட்ட கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன்ல. ஆசை தீர மோந்து பாத்திருக்கலாம்ல."

"வெளிய வச்சா வாசம் போயிருமேப்பா." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானே கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வச்சே. நான் பாத்தேன்."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடைகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனபிறகு வாலுவே, "முதல்ல அம்மா வாசம்தான்ப்பா வந்துச்சு. அப்புறம்தான் நாறுச்சு. ஆனா எடுத்தா அதுவும் போயிரும்ல, அதான் எடுக்கல" என்றாள். பஞ்சு அவள் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டான். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து பையை வெளியே எடுத்தான். முடிச்சு அவன் போட்டதில்லை. ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையின் முடிச்சு. தலையணையின் ஒரு மூலையில் அவனுடைய தையல் நாலைந்து இழை பிரிந்திருந்தது. உள்ளே ஒரு சின்னக் கை போய் வரும் அளவுக்குக் குழி. அவன் முகத்தைப் புதைத்து இழுத்துப் பார்த்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் விழித்துக்கொண்ட மூக்கு மறுபடி தூங்கிவிடவில்லை போலும். பாலிதீன் வாடை வந்தது. கொஞ்சம் பூஞ்சை வாடை வந்தது. வேறு எதுவும் இல்லை. எத்தனை நாளாக இல்லையோ.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒரு நாளும் தானாக மனைவியைக் கூப்பிடாதவன் அன்றைக்குக் கூப்பிட்டான். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். "வாலுக்கு என்ன?" என்பதுதான் முதல் வார்த்தை.

"ஒண்ணும் இல்ல" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அப்புறம், "இல்ல, இருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு. கேளு" என்று ஆரம்பித்தான். முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் சோற்றில் மறைத்தவன் ஒன்றுவிடாமல் சொன்னான். எலி வாடை, தனி நாற்காலி, தலையாட்டிச் சொல்ல வைத்த பொய், ரத்தம், ரோஜா நிற ஸ்பாஞ்ச். பாலிதீன் பை. அதையும் சொன்னான். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் கடைசியில்.

"சொன்னா கூட்டிட்டுப் போயிருவேன்னு பயம்."

"அவ்வளவு நாள் பிள்ளை நாறிக்கிட்டு உக்காந்திருந்திருக்கு..." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவள் அழுவது கேட்டது. இந்தத் தடவை அவன் குழாயருகே போகவில்லை. அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சனிக்கிழமை வரேன்" என்றாள். கூட்டிக்கொண்டு போகவா, பார்த்துவிட்டுப் போகவா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வா என்று அவன் சொல்ல நினைத்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை காலை ரயில் நிலையத்தில் நல்ல கூட்டம். வாலு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் டீச்சர் அந்த நாற்காலியை எடுத்துவிட்டாள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லப் போவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ரயில் நின்றது. மூன்றாவது பெட்டியிலிருந்து அவள் இறங்கினாள். இளைத்திருந்தாள். கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பஞ்சு ஒரு காலத்தில் தினமும் பார்த்த முகம்தான். இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

வாலு ஓடவில்லை. அம்மாவே வந்து, பையைக் கீழே போட்டுவிட்டு, நடைமேடையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கையை விரித்தாள். வாலு போனாள். முத்தம் கொடுக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. நேரே கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு தலையைப் பின்னுக்கு எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது அம்மா வாசம் இல்ல."

அவள் முகம் செத்துவிட்டது. "அங்க நாள் பூரா குளோரின்லயே நிக்கிறேன்ல, அதான்... சோப்பும் வேற" என்றாள். யாருக்குச் சமாதானம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது. தன் மணிக்கட்டைத் தானே மோந்து பார்த்துக்கொண்டாள். இறங்கியவர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். பஞ்சுவுக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது: போகாதே, இல்லையென்றால் எங்களையும் கூட்டிக்கொண்டு போ, எதையாவது செய், எனக்கு நீ வேண்டும். அவன் அவளுடைய பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

வாலு விடவில்லை. மறு பக்கக் கழுத்தில் மோந்து பார்த்தாள். தோளில், சட்டைக் கையில், உள்ளங்கையில், விரலிடுக்கில் பார்த்தாள். அம்மா அசையாமல், பிள்ளைக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தரையில் வைத்தாள். வெட்டிய கூந்தலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற இடத்தில் வாலுவின் மூக்கு போய் நின்றது. அங்கேயே நின்றது. சின்ன முதுகு ஒரு தடவை பெரிதாக விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இழுத்த மட்டும் இழுத்து, அது வெளியே போய்விடாமல் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வாயையும் மூடிக்கொண்டாள்.

"மூச்சு விடுடி தங்கம். விடு. அம்மா எங்கயும்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

வாலுவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. மூக்கைப் பிடித்த விரல்களை அவள் எடுக்கவில்லை.